டிரைவரில் 2,700, வெட்ஜில் 9,300: கோல்ஃப் பந்தின் சுழற்சி எண்ணை எப்படிப் படிப்பது?

கோல்ஃப் ஒளிபரப்பில் பந்து கிளம்பியதும் திரையின் ஓரத்தில் சில எண்கள் வந்து நிற்கும். பந்தின் வேகம், உயரம், தூரம் எல்லாம் பார்த்ததும் புரிந்துவிடும். கூடவே வரும் 'ஸ்பின்' எண்தான் குழப்பும். மிகத் தூரம் அடிப்பதற்கான மட்டையான டிரைவரில் அது 2,300 என்று வந்தால் வர்ணனையாளர் மெச்சுகிறார். அதே ஆட்டக்காரர், அதே பந்தைக் குறுந்தூர மட்டையான வெட்ஜால் அடிக்கும்போது 10,000 என்று வருகிறது. அதற்கும் மெச்சல். அப்படியானால் சுழற்சி குறைவது நல்லதா, கூடுவது நல்லதா?

இந்தக் குழப்பத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கோல்ஃப் விதிகளை வகுக்கும் யுஎஸ்ஜிஏ, ஆர் அண்ட் ஏ ஆகிய இரண்டு அமைப்புகளும் பந்து பறக்கும் தூரத்தைச் சோதிக்கும் முறையை மாற்றப்போவதாக 2023 டிசம்பரில் அறிவித்தன. பழைய சோதனையில் பந்தின் சுழற்சி நொடிக்கு 42 சுற்று; புதிய சோதனையில் 37. தூரத்தைக் குறைப்பதற்காகக் கொண்டுவரும் விதியில் சுழற்சியை எதற்குக் குறைக்கிறார்கள் என்று பலரும் கேட்டார்கள்.

இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. சுழற்சி எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. எந்த கிளப் (மட்டை), பந்து என்ன வேகத்தில் போனது, எந்தக் கோணத்தில் கிளம்பியது என்று தெரிந்தால்தான் அது நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று சொல்லலாம். அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## எந்தச் சுழற்சியைப் பற்றிப் பேசுகிறோம்?

காற்றில் எழும்பும் கோல்ஃப் பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே போகும். பந்தின் மேல்பகுதி அடித்தவரை நோக்கித் திரும்பும். அடிப்பகுதி இலக்கை நோக்கிப் போகும். இதுதான் பின்சுழற்சி. திரையில் வரும் எண், இது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு.

நிமிடக் கணக்கு பார்க்கப் பெரிதாகத் தெரிவதால் நொடிக்கு மாற்றிப் பார்ப்பது நல்லது. 2,700 என்றால் நொடிக்கு 45 சுற்று. தொழில்முறை ஆட்டக்காரரின் டிரைவர் அடி காற்றில் ஆறு நொடி போல இருக்கும். அதற்குள் பந்து ஏறத்தாழ 250 முறை சுழன்றுவிடுகிறது. காற்றின் உராய்வில் சுழற்சி தேயும்தான், ஆனால் நொடிக்குச் சில சதவீதம் மட்டுமே. கிளம்பும்போது கிடைத்த சுழற்சியில் பெரும்பகுதி தரையைத் தொடும்போதும் மிச்சம் இருக்கும். குழி இருக்கும் புல்தரையான கிரீனில் விழுந்த பந்து பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறதே, அந்த வேலையைச் செய்வது இந்த மிச்சம்தான்.

## அரை மில்லிநொடியில் நடப்பது

கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். டிரைவரின் தலை நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்தால், தொட்டதிலிருந்து பிரிவது வரை அது நகரும் தூரம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். சுழற்சி முழுவதும் அந்த இடைவெளிக்குள் தீர்மானமாகிவிடுகிறது. அதற்குப் பிறகு மணிக்கட்டைத் திருப்பினாலும் உடம்பை வளைத்தாலும் பந்துக்கு அது தெரியாது.

அந்த நேரத்துக்குள் நடப்பது இது:

1. கிளப்பின் முகப்பு நேர்க்குத்தாக இல்லை, பின்னால் சாய்ந்திருக்கிறது. இந்தச் சாய்வுக்கு லாஃப்ட் என்று பெயர். டிரைவரில் இது 9, 10 பாகை. நடுத்தூர அடிக்கான அயர்ன்களில், பழைய அளவுப்படி 7-ஆம் அயர்னில் 34, 35. பிட்ச்சிங் வெட்ஜில் 46 அளவில்.

2. சாய்ந்த முகப்பு பந்தை மோதும்போது பந்து நசுங்கி முகப்போடு ஒட்டுகிறது, அதே நேரம் முகப்பில் மேல்நோக்கி வழுக்கவும் பார்க்கிறது.

3. உராய்வு அந்த வழுக்கலைப் பிடித்து நிறுத்துகிறது. பந்தின் தொடும் பக்கம் பிடிபட, மற்ற பக்கம் தொடர்ந்து நகர, பந்து உருளத் தொடங்குகிறது. அந்த உருளல்தான் காற்றில் பின்சுழற்சியாகத் தொடர்கிறது.

ஆக, சாய்வு கூடக்கூட, வேகம் கூடக்கூட, பிடிமானம் நன்றாக இருக்க இருக்க, சுழற்சி கூடும். ஆனால் கணக்கில் வரும் சாய்வு, கிளப்பில் பொறித்திருக்கும் லாஃப்ட் இல்லை. மோதும் கணத்தில் முகப்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, கிளப் எந்தத் திசையில் நகர்கிறது என்ற இரண்டுக்கும் இடையிலான கோணம்தான் கணக்கு. இதற்கு ஸ்பின் லாஃப்ட் என்று பெயர். 34 பாகை அயர்னைக் கைகள் முன்னால் இருக்க அடிக்கும்போது முகப்பு 25 பாகைக்கு நிமிர்ந்திருக்கலாம். கிளப் 4 பாகை கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தால் ஸ்பின் லாஃப்ட் 29.

"கீழ்நோக்கி ஓங்கி அடி, நிறைய ஸ்பின் வரும்" என்ற அறிவுரை பாதிதான் சரி என்பது இதிலிருந்து தெரியும். கிளப் இன்னும் 2 பாகை செங்குத்தாக இறங்கினால், கூடவே கைகளும் முன்னால் போய் முகப்பையும் 2 பாகை நிமிர்த்திவிடுவதுதான் வழக்கம். கழித்துப் பார்த்தால் அதே 29. பந்து தரைக்கும் கிளப்புக்கும் நடுவே நசுங்கி வெளியே பிதுங்குகிறது என்ற விளக்கமும் தவறுதான். கிளப் மண்ணைத் தொடுவதற்குள் பந்து பறந்துவிட்டிருக்கும். கீழ்நோக்கி அடிப்பதால் உண்மையில் கிடைக்கும் நன்மை வேறு. புல்லுக்கு முன்னால் பந்து மோதப்படுகிறது, பிடிமானம் சுத்தமாக இருக்கிறது.

ஸ்பின் லாஃப்டைக் கூட்டிக்கொண்டே போனால் சுழற்சியும் கூடிக்கொண்டே போகும் என்றும் சொல்ல முடியாது. 45, 50 பாகையைத் தாண்டும்போது உராய்வால் பந்தைப் பிடித்து நிறுத்த முடியாமல் போகிறது. பந்து முகப்பில் வழுக்கிக்கொண்டு மேலே ஏறிவிடும், சுழற்சி குறையும்.

## கிளப்வாரியாக எண்கள்

ஆண்களுக்கான தொழில்முறைத் தொடரான அமெரிக்க பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களின் சராசரி என்று ராடார் கருவி நிறுவனமான டிராக்மேன் வெளியிட்டுப் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள அட்டவணையிலிருந்து, நூறுக்கு முழுமையாக்கி:

- டிரைவர்: 2,700
- 3-ஆம் வுட் (டிரைவருக்கு அடுத்த தூர மட்டை): 3,700
- 5-ஆம் வுட்: 4,400
- ஹைப்ரிட் (வுட், அயர்ன் இரண்டும் கலந்த வகை): 4,400
- 3-ஆம் அயர்ன்: 4,600
- 5-ஆம் அயர்ன்: 5,400
- 6-ஆம் அயர்ன்: 6,200
- 7-ஆம் அயர்ன்: 7,100
- 8-ஆம் அயர்ன்: 8,000
- 9-ஆம் அயர்ன்: 8,600
- பிட்ச்சிங் வெட்ஜ்: 9,300

கிளப் எண்ணை ஆயிரத்தால் பெருக்கு என்று ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள். 6, 7, 8 ஆகியவற்றுக்கு அழகாகப் பொருந்துகிறது. 3-ஆம் அயர்னுக்கு வந்தால் வாய்ப்பாடு பல்லிளிக்கிறது.

இந்த அட்டவணையை இலக்காக எடுத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. இது மணிக்கு சுமார் 180 கிலோமீட்டர் வேகத்தில் டிரைவரை வீசுபவர்களின் சராசரி. அதைவிட மெதுவாக வீசுபவருக்கு இதே எண் வேறு பொருள் தரும். ஏன் என்று பார்க்கப் பந்தைக் காற்றுக்குள் தொடர வேண்டும்.

## காற்றில் சுழற்சி செய்யும் வேலை

பின்பக்கமாகச் சுழலும் பந்து, தன்னை ஒட்டி ஓடும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. காற்றைக் கீழே தள்ளினால் காற்று பந்தை மேலே தள்ளும். இந்த ஏற்றவிசைக்குப் பின்னால் இருப்பது மேக்னஸ் விளைவு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அதை ஆராய்ந்த ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிக் மேக்னஸின் பெயர் அது. மேஜைப் பந்தாட்டத்தில் டாப் ஸ்பின் பந்து சட்டென்று குத்திட்டு இறங்குவதும் இதே விளைவுதான், தலைகீழாக.

கோல்ஃபுக்கு இதைக் கொண்டுவந்தவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் பி. ஜி. டெய்ட். 1890-களில் அவர் பந்தின் பாதையைக் கணக்கிட உட்கார்ந்தபோது, சுழற்சியைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால் பந்து அவ்வளவு நேரம் காற்றில் நிற்க வழியே இல்லை என்று கண்டார். சுழற்சியை அளக்க அவர் கையாண்ட வழி புத்திசாலித்தனத்தில் இன்றைய ராடாருக்குக் குறைந்ததில்லை. முறுக்கில்லாத மெல்லிய நாடா ஒன்றின் ஒரு முனையைப் பந்தில் ஒட்டி, மறுமுனையைக் கட்டிவைத்து, பந்தைச் சில அடி தொலைவில் இருந்த களிமண்ணுக்குள் அடிக்கவைத்தார். அப்புறம் நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணினார், அவ்வளவுதான். சுழற்சி என்பது அடியில் நேரும் பிழை என்று ஆட்டக்காரர்கள் நம்பியிருந்த காலம் அது. அவருடைய மகன் ஃப்ரெடி டெய்ட் 1896-இலும் 1898-இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்றவர். வீட்டிலேயே சோதனைக்கு ஆள் இருந்தது.

பந்தின் மேலுள்ள குழிகள் இந்த இடத்தில்தான் கணக்குக்குள் வருகின்றன. பொதுவாக 300 முதல் 500 வரை இருக்கும் இந்தக் குழிகள், பந்தை ஒட்டிய காற்றைக் கலக்கிவிட்டு, அது பந்தின் பின்பக்கம் வரை ஒட்டிக்கொண்டு போகச் செய்கின்றன. அதனால் காற்றுத் தடை குறைகிறது, ஏற்றவிசை சீராகக் கிடைக்கிறது. வழவழப்பான பந்து பாதி தூரம்கூடப் போகாது.

இனி முக்கியமான கட்டம். ஏற்றவிசைக்கான கணக்கில் சுழற்சி எண் தனியாக வருவதில்லை. பந்தின் மேற்பரப்பு சுழலும் வேகத்துக்கும் பந்து முன்னால் போகும் வேகத்துக்கும் உள்ள விகிதமாக வருகிறது. மேலே கொடுத்த அட்டவணையில் மூன்று கிளப்புகளை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். பந்தின் விட்டம் விதிப்படி குறைந்தது 42.67 மில்லிமீட்டர்; அதிலிருந்து மேற்பரப்பின் வேகம் கிடைத்துவிடும்.

1. டிரைவர்: மேற்பரப்பு நொடிக்கு 6 மீட்டரில் சுழல்கிறது, பந்து 75 மீட்டரில் போகிறது. விகிதம் 8 சதவீதம்.
2. 7-ஆம் அயர்ன்: 16-க்கு 54. விகிதம் 30 சதவீதம்.
3. பிட்ச்சிங் வெட்ஜ்: 21-க்கு 46. விகிதம் 46 சதவீதம்.

2,700-இலிருந்து 9,300 என்பது மூன்றரை மடங்கு ஏற்றம்தான். விகிதமோ ஏறக்குறைய ஆறு மடங்கு ஏறுகிறது. டிரைவர் பந்தும் வெட்ஜ் பந்தும் காற்றில் ஒரே பொருளைப் போல நடந்துகொள்ளாததற்கு இதுவே காரணம்.

டிரைவரில் விகிதம் சிறியதாக இருந்தும் ஏற்றவிசை ஏன் போதுமானதாக இருக்கிறது? அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால். தொழில்முறை ஆட்டக்காரரின் டிரைவர் அடியில், கிளம்பிய கணத்தில் ஏற்றவிசை பந்தின் எடையையே மிஞ்சுகிறது. 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாத அந்தப் பந்து, முதல் சில விநாடிகளில் நேர்கோட்டைவிட மேல்நோக்கி வளைந்து ஏறுவதைத் தொலைக்காட்சியிலேயே பார்க்கலாம்.

## கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

ஏற்றவிசை இலவசமாக வருவதில்லை. சுழற்சி கூடும்போது காற்றுத் தடையும் கூடும். டிரைவரில் சுழற்சி 4,000-ஐத் தொட்டால் பந்து பலூன் மாதிரி மேலே ஏறி, வேகத்தை அங்கேயே தொலைத்துவிட்டு, செங்குத்தாக இறங்கும். தரையில் உருளவும் செய்யாது. சுழற்சி மிகக் குறைந்தாலோ, பந்தைத் தாங்கிப்பிடிக்க ஏற்றவிசை இல்லாமல் பாதி வழியில் விழுந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ தூரம் அதிகபட்சமாகும் புள்ளி இருக்கிறது. அந்தப் புள்ளி ஆளுக்கு ஆள் மாறும்.

மெதுவாக வீசுபவருக்கு வேகத்தின் வர்க்கம் கைகொடுக்காது. அவர் 2,000 சுழற்சியைத் துரத்திப் பிடித்தால் பந்து தாழப் பறந்து சீக்கிரம் விழும். அவருக்குத் தேவை அதிகக் கிளம்பு கோணமும் போதுமான சுழற்சியும். டூர் சராசரிகளே இதைக் காட்டுகின்றன. ஆண்கள் டூரில் டிரைவர் வேகம் மணிக்கு 113 மைல், கிளம்பு கோணம் 10.9 பாகை. பெண்கள் டூரில் வேகம் 94 மைல், கோணம் 13.2 பாகை. சுழற்சி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: 2,700-உம் 2,600-உம். வேகக் குறைவை அவர்கள் ஈடுகட்டுவது கோணத்தால். ஆண்களின் சராசரி கிளப் பந்தை நோக்கிச் சற்றே இறங்கி வருகிறது. பெண்களின் சராசரி 3 பாகை ஏறி வருகிறது. சாதாரண ஆட்டக்காரர்களில் பெரும்பாலானோருக்குப் பார்த்துக் கற்க வேண்டிய எண்கள் பெண்கள் டூரின் எண்கள்தான். ஆனால் விளம்பரங்கள் எல்லாம் ஆண்கள் டூரையே காட்டுகின்றன.

எதிர்க்காற்றில் சுழற்சி கூடிவிடுகிறது என்று சொல்வதையும் இங்கே சரிசெய்துவிடலாம். பந்து கிளப்பை விட்டுக் கிளம்பும்போதே சுழற்சி முடிவாகிவிட்டது. காற்றால் அதைக் கூட்ட முடியாது. கூடுவது, பந்து சந்திக்கும் காற்றின் வேகம். நொடிக்கு 75 மீட்டரில் போகும் பந்துக்கு எதிரே மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால், பந்துக்கு அது 83 மீட்டராகத் தெரியும். வர்க்கக் கணக்கில் விசைகள் 20 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். இருக்கிற சுழற்சியே அங்கே பந்தைத் தூக்கி நிறுத்திவிடுகிறது. எதிர்க்காற்றில் மெதுவாக அடி என்று அனுபவசாலிகள் சொல்வதற்குக் காரணம், மெதுவான அடியில் வேகத்தோடு சுழற்சியும் குறையும் என்பதே.

## பக்கவாட்டுச் சுழற்சி என்று தனியாக ஒன்று இல்லை

பந்து வலமோ இடமோ வளைந்தால் "சைடு ஸ்பின் விழுந்துவிட்டது" என்போம். ஆனால் பம்பரத்துக்கு ஒரு ஆணிதான்; பந்துக்கும் ஒரு அச்சுதான். பின்சுழற்சியின் அச்சு கிடைமட்டமாக இருந்தால் பந்து நேராகப் போகும். அச்சு ஒரு பக்கம் சாய்ந்தால், ஏற்றவிசையும் அந்தப் பக்கம் சாய்ந்து பந்தை இழுக்கும், விமானம் ஒருக்களித்துத் திரும்புவது போல.

அச்சு எவ்வளவு சாயும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: கிளப் நகரும் திசைக்கும் முகப்பு பார்க்கும் திசைக்கும் உள்ள வேறுபாட்டை ஸ்பின் லாஃப்டால் வகுத்து, வரும் விகிதத்தைக் கோணமாக மாற்ற வேண்டும். வேறுபாடு 3 பாகை என்று வைப்போம். டிரைவரில் ஸ்பின் லாஃப்ட் 14 அளவில் இருக்கும். அச்சு சுமார் 12 பாகை சாயும். வெட்ஜில் அது 45 என்றால் சாய்வு 4 பாகைதான். செய்த தவறு ஒன்றே. டிரைவரில் பந்து மரங்களுக்குள் போகிறது, வெட்ஜில் கிரீனிலேயே நிற்கிறது. டிரைவர் சுழற்சியைக் குறைத்தால் பந்து நேராகப் போகும் என்று நம்புபவர்கள் இந்த வகுத்தலைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்: வகுக்கும் எண்ணான ஸ்பின் லாஃப்ட் சிறுக்கச் சிறுக்க, அச்சு இன்னும் சுலபமாகச் சாயும்.

## அதே கிளப்பில் எண் ஏன் மாறுகிறது?

1. முகப்பில் பட்ட இடம். டிரைவரின் தலை கனமான பெட்டி போன்றது. அதன் எடைமையம் முகப்புக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது. பந்து முகப்பின் மேல்பகுதியில் பட்டால் தலை பின்னால் சாயும். ஒன்றோடொன்று கோத்த இரண்டு பற்சக்கரங்கள் எதிரெதிராகச் சுற்றுவது போல, அது பந்தின் பின்சுழற்சியைக் குறைக்கும். சாய்ந்ததால் கிளம்பு கோணமும் கூடும். தூரத்துக்கு அருமையான சேர்க்கை அது. கீழ்ப்பகுதியில் பட்டால் இதற்கு நேர்மாறு: தாழக் கிளம்பி, தாறுமாறாகச் சுழலும். ஒரே வீச்சில் மேலும் கீழுமாக ஒன்றரை சென்டிமீட்டர் மாறினாலே சுழற்சி பல நூறு மாறிவிடும். டிரைவரில் சுழற்சி அதிகம் என்று புது கிளப் வாங்கப் போவதற்கு முன்னால், முகப்பில் பவுடரைத் தூவி அடித்து, பந்து எங்கே படுகிறது என்று பார்ப்பது புத்திசாலித்தனம். அயர்ன்களில் எடைமையம் முகப்பை ஒட்டியே இருப்பதால் இந்த விளைவு சொற்பம்.

2. நடுவில் புகும் புல்லும் ஈரமும். ரஃபில் (ஓரத்து நீளப் புல்லில்) கிடக்கும் பந்தை 7-ஆம் அயர்னால் அடிக்கிறார் ஒருவர். முகப்புக்கும் பந்துக்கும் நடுவில் நாலைந்து புல் இதழ்கள் மாட்டி நசுங்குகின்றன. அவற்றின் சாறு மசகு எண்ணெய் போல வேலை செய்கிறது. உராய்வு பிடிக்கவில்லை. 7,000 வர வேண்டிய இடத்தில் சுழற்சி கணிசமாகக் குறைந்துவிடுகிறது. அயர்னில் சுழற்சி எப்போதுமே தூரத்துக்குத் தேவையானதைவிட அதிகம். அது குறைந்ததும் காற்றுத் தடை குறைந்து பந்து வழக்கத்தைவிட நீளமாகப் பறக்கிறது. விழுந்த இடத்தில் நிற்காமல் ஓடவும் செய்கிறது. 'ஃப்ளையர்' என்று ஆட்டக்காரர்கள் பயப்படுவது இதைத்தான். மோசமான கிடையிலிருந்து அடித்த அடி குறைவாகப் போகும் என்று எதிர்பார்த்தவர், பந்து கிரீனைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஈரமான வெட்ஜிலும் இதே கதை, ஒரு வித்தியாசத்தோடு: பந்து சாய்ந்த முகப்பில் வழுக்கி ஏறுவதால் கிளம்பு கோணம் கூடிவிடுகிறது. எதிர்பார்த்ததைவிட உயரமாகப் பந்து எழும்பினால், சுழற்சி போய்விட்டது என்று அடித்த கையோடு தெரிந்துகொள்ளலாம்.

முகப்பில் உள்ள கோடுகள், அதாவது குரூவ்கள், இருப்பது இதற்காகத்தான். கார் டயரின் வெட்டுகள் தண்ணீரை வழித்து வெளியேற்றுவது போல இவை சாற்றையும் ஈரத்தையும் வாங்கிக்கொள்கின்றன. காய்ந்த, சுத்தமான கிடையில் குரூவால் பெரிய வித்தியாசம் இல்லை. ரஃபிலிருந்து அடித்தாலும் பந்து நன்றாகச் சுழல்கிறது, அதனால் ஃபேர்வேயில் (நடுவிலுள்ள வெட்டிய புல்தரையில்) போடுவதற்கு மதிப்பில்லாமல் போகிறது என்ற கவலையில்தான், 25 பாகையும் அதற்கு மேலும் லாஃப்ட் உள்ள கிளப்புகளின் குரூவ் அளவையும் விளிம்புக் கூர்மையையும் 2010 முதல் விதி கட்டுப்படுத்தியது.

3. பந்தின் உறை. விலையுயர்ந்த பந்துகளின் மேலுறை மெத்தென்ற யூரிதேன். தூரத்துக்கென்று விற்கப்படும் பந்துகளில் பெரும்பாலும் விறைப்பான அயனோமர், வழக்கில் சர்லின். டிரைவர் மோதும்போது பந்து உள்கரு வரை நசுங்குகிறது, அதனால் சுழற்சியைத் தீர்மானிப்பது உள்ளடுக்குகள். மேலுறை மாறினால் வித்தியாசம் சில நூறுதான். வெட்ஜால் மெதுவாக அடிக்கும்போது மோதல் மேலுறையோடு நின்றுவிடுகிறது. அங்கே மெத்தென்ற உறை முகப்பின் கோடுகளைக் கவ்விப் பிடிக்கும். வித்தியாசம் ஆயிரக்கணக்கில் போகும். முன்பு ரப்பர் நூல் சுற்றி மேலே பலாட்டா உறை போட்ட பந்துகள் எல்லா கிளப்பிலும் அதிகமாகச் சுழன்றன: வெட்ஜில் வரம், டிரைவரில் சாபம். திடமான உள்கரு மேல் யூரிதேன் உறை போர்த்த டைட்டலிஸ்ட் புரோ வி1 போன்ற பந்துகள் 2000-ஐ ஒட்டி வந்தபோது, டிரைவரில் குறைவாகவும் வெட்ஜில் நிறையவும் சுழலும் ஒரே பந்து சாத்தியமாயிற்று. சுற்றிய பந்துகள் டூரிலிருந்து காணாமல் போக அதிக நாள் ஆகவில்லை.

## 7-ஆம் அயர்னில் 5,500 வந்தால் கவலைப்படலாமா?

இப்போது அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. முதலில் கிளப்பின் லாஃப்டைப் பார்க்க வேண்டும். சரியாகப் படாத அடியையும் மன்னித்து உதவும் வகை என்று விற்கப்படும் இன்றைய பல அயர்ன் செட்களில் 7 என்று பொறித்த கிளப்பின் லாஃப்ட் 30 பாகைக்கும் கீழே. ஒரு தலைமுறைக்கு முன்னால் அது 5-ஆம் அயர்ன். பொறித்த எண் 7. பந்து படிப்பது லாஃப்டை. எனவே 5,400 அளவில் வருவது கிளப்பின் இயல்பே தவிர அடித்தவரின் குறை அல்ல.

கவனிக்க வேண்டியது பந்து கிரீனில் நிற்கிறதா என்பதை. அதற்கு இரண்டு வழி: ஒன்று சுழற்சி, இன்னொன்று இறங்கும் கோணம். டூர் சராசரியில் டிரைவர் பந்து 38 பாகையில் இறங்குகிறது, 7-ஆம் அயர்ன் 50 பாகையில், பிட்ச்சிங் வெட்ஜ் 52 பாகையில். 45 பாகைக்கு மேல் செங்குத்தாக இறங்கினால் சுழற்சி கொஞ்சம் குறைந்தாலும் பந்து நிற்கும் என்று கிளப் பொருத்தித் தருபவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். புதிய அயர்ன்கள் எடைமையத்தைத் தாழ்த்திப் பந்தை உயரமாக அனுப்புவதே இந்தக் கோணத்துக்காகத்தான். சுழற்சியும் குறைவு, உயரமும் குறைவு என்றால்தான் கவலை.

கிரீனுக்குப் பக்கத்திலிருந்து வெட்ஜால் அடிக்கும் சிறிய அடிகளான பிட்ச்களில் இன்னொரு ஏமாற்று உண்டு. அரை வீச்சில் எண் 5,000, 6,000 என்று இறங்கிவிடும். பார்ப்பவர் வெட்ஜ் தேய்ந்துவிட்டது என்று நினைப்பார். கிளப் மெதுவாக வந்ததால் பந்தின் வேகமும் குறைந்துவிட்டது. விகிதத்தைப் பார்த்தால் முழு அடிக்கு ஏறக்குறைய சமம். அதனால்தான் அந்தப் பந்து இரண்டு துள்ளல் துள்ளிவிட்டு மூன்றாவதில் சட்டென்று பிடித்து நிற்கிறது.

## எண் எங்கிருந்து வருகிறது?

இயந்திரத்தின் திரையில் வந்த எண் எல்லாம் அளந்த எண் இல்லை. டிராக்மேன் போன்ற ராடார் கருவிகள் பந்தைப் பறக்கவிட்டுப் பின்தொடர்கின்றன. திறந்தவெளியில் இவற்றுக்கு வசதி அதிகம். அறைக்குள் வலையில் அடிக்கும்போது பறக்கும் தூரம் சில மீட்டர்தான் என்பதால், சுழற்சியைப் பிடிக்கப் பந்தில் உலோகப் பொட்டு ஒட்டச் சொல்வார்கள். கேமரா கருவிகள் கிளம்பிய கணத்திலேயே அடுத்தடுத்துப் படமெடுத்து, பந்தின் மேலுள்ள குறிகள் எவ்வளவு திரும்பின என்று பார்க்கின்றன. விலை குறைந்த சில கருவிகள் சுழற்சியை அளப்பதே இல்லை. வேகத்தையும் கோணத்தையும் வைத்து ஊகித்துப் போடுகின்றன. அப்படிப்பட்ட எண்ணில் ஃப்ளையரும் தெரியாது, ஈரமும் தெரியாது, பந்தின் உறையும் தெரியாது. பயிற்சி மைதானத்தின் தேய்ந்த பந்துகளை அடித்து எடுத்த வெட்ஜ் எண்ணையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

## சரி, அந்த 42-உம் 37-உம்?

விதிப்படி ஒரு பந்து சோதனையில் 317 யார்டுக்கு மேல் போகக் கூடாது. அளவுப் பிழைக்கு 3 யார்டு சலுகை. பழைய சோதனையில் கிளப் மணிக்கு 120 மைலில் வரும், பந்து 10 பாகையில் நொடிக்கு 42 சுற்றோடு கிளம்பும். நிமிடக் கணக்கில் 2,520. புதிய சோதனையில் 125 மைல், 11 பாகை, 37 சுற்று, நிமிடத்துக்கு 2,220. எல்லை மட்டும் அதே 317.

சுழற்சியை மட்டும் பார்த்தால் பந்துக்குக் கடிவாளம் போட்டது போலத் தெரியும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நடப்பது நேர்மாறு. இவ்வளவு வேகத்தில் 42 சுற்று கொஞ்சம் அதிகம். 37-உம் 11 பாகையும் தூரத்தை இன்னும் நன்றாகக் கறக்கும் சேர்க்கை. இன்று மிகத் தூரம் அடிக்கும் ஆட்டக்காரர்கள் உண்மையில் அடிப்பதும் இப்படித்தான்: வேகமாக, சற்று உயரமாக, குறைந்த சுழற்சியோடு. சோதனை இயந்திரம் இனி அவர்களைப் போல அடிக்கும். பழைய நிலைமையில் 317-ஐ ஒட்டி நின்று தேறிய பந்து, புதிய நிலைமையில் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்விடும். அந்தப் பந்தைத் தேறவைக்க வேண்டுமானால், தயாரிப்பாளர்கள் அதைக் குறைந்த தூரம் பறக்கும்படி மாற்றி அமைத்தாக வேண்டும்.